ஒரே பெயர், இரண்டு வண்டிகள்: இன்னோவா கிரிஸ்டாவும் ஹைகிராஸும்

ஒரு காரைப் பற்றி இலக்கிய இதழில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், கடந்த இருபது வருடத் தமிழ்நாட்டை இன்னோவா இல்லாமல் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்கும் வண்டி, சபரிமலை சீசனில் கதவில் மாலை தொங்கவிட்டுப் போகும் வண்டி, மீனம்பாக்கத்தில் துபாய்க்காரரை ஏற்றிக்கொள்ள ஊரிலிருந்து ஏழு பேரோடு வந்து நிற்கும் வண்டி, மாவட்டச் செயலாளருக்குப் பின்னால் வரிசையாகப் போகும் வெள்ளை வண்டிகள். 2012-இல் நாஞ்சில் சம்பத் அதிமுகவில் சேர்ந்தபோது கட்சி அவருக்குக் கொடுத்தது ஓர் இன்னோவா. அதன்பின் ‘இன்னோவா சம்பத்’ என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அம்பாசிடருக்குக்கூட இப்படி ஒரு மனிதருக்கு அடைமொழியாகும் பேறு கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே இந்த வண்டி மாறும்போது, அதில் வெறும் இன்ஜினும் பம்பரும் மட்டும் மாறுவதாக நான் நினைக்கவில்லை. 2022 நவம்பரில் டொயோட்டா ‘இன்னோவா ஹைகிராஸ்’ என்ற புதிய வண்டியை இங்கே காட்டியது. டீசல் கிடையாது. பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். தோற்றம் எஸ்யூவி. பெயர் மட்டும் பழைய பெயர். மோட்டார் பத்திரிகைகளும் யூடியூப் விமர்சகர்களும் உடனே கேட்ட கேள்வி: கிரிஸ்டா நல்லதா, ஹைகிராஸ் நல்லதா? ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று பதிலும் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அந்தக் கேள்வியில் ஆர்வம் குறைவு. ஒரு நாவலின் திருத்திய பதிப்பு வரும்போது எது நல்ல பதிப்பு என்று மட்டுமா பார்க்கிறோம்? எதை வெட்டினார், எதைச் சேர்த்தார், யாரை மனதில் வைத்து மாற்றினார் என்றுதானே பார்ப்போம். அந்த மாதிரி இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கொஞ்சம் வம்சாவளி. இந்தக் குடும்பம் ஜப்பானில் பிறந்து வளர்ந்ததல்ல, இந்தோனேசியாவில் வளர்ந்தது. 1977-இல் அங்கே ‘கிஜாங்’ என்ற பெயரில் வந்த எளிய சரக்கு வண்டிதான் மூதாதை. கிஜாங் என்றால் அந்த ஊர் மொழியில் ஒரு வகை மான். அதன் பேரன் 2000-இல் ‘குவாலிஸ்’ என்று இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் கால் சென்டர் இரவுகளைப் பார்த்தவர்களுக்குக் குவாலிஸை விளக்க வேண்டியதில்லை. விற்பனை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதே அதை நிறுத்திவிட்டு 2005-இல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அது பைத்தியக்காரத்தனம் என்றுதான் பலருக்கும் பட்டது. 2016 மே மாதம் இரண்டாம் தலைமுறை, ‘கிரிஸ்டா’ என்ற வாலோடு.

இன்னோவாவின் அடித்தளத்தை ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸ் பிக்கப்பும் பகிர்ந்துகொண்டன. அதாவது ஏணி மாதிரி இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், குறுக்கே சட்டங்கள், அதன்மேல் தனியாகச் செய்து வைத்த கூடு. இன்ஜின் முன்னால், இழுப்பு பின்சக்கரத்தில். லாரி கட்டும் முறை இது. கிரிஸ்டாவில் உட்காரும்போது வழுவழுப்பான பிளாஸ்டிக்கும் மர நிற அலங்காரமும் கண்ணில் படும். கீழே இருப்பது சுமை வண்டியின் எலும்பு.

ஹைகிராஸில் அந்த ஏணி இல்லை. உடலே சட்டமாக இருக்கும் ஒற்றைக் கூடு, சாதாரண கார்கள் மாதிரி. இழுப்பு முன்சக்கரத்துக்குப் போய்விட்டது. பின்சக்கரங்களுக்கு முறுக்குத் தண்டு வைத்த எளிய சஸ்பென்ஷன். ஆனால் வெளியே பார்த்தால் உயர்த்தின பானெட், பெரிய அறுகோண கிரில், சக்கர வளைவுகளில் கறுப்புப் பட்டை. காட்டுக்குள் போகப்போகிற ஜீப் மாதிரி ஒரு நிமிர்வு.

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் சுவாரசியம் தட்டியது. கிரிஸ்டாவுக்கு உடம்பு லாரி, உடுப்பு வேன். ஹைகிராஸுக்கு உடம்பு கார், உடுப்பு ஜீப். முன்னது தன் முரட்டுத்தனத்தை மறைத்துக்கொண்டு சபைக்கு வந்தது. பின்னது இல்லாத முரட்டுத்தனத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது. நம்ம ஊரில் ஒரு தலைமுறை வயலிலிருந்து வந்து வெள்ளைச் சட்டை போட்டது. அடுத்த தலைமுறை ஐடி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு புல்லட்டும் லடாக் ஜாக்கெட்டும் வாங்குகிறது. காரை வடிவமைப்பவர்கள் இதை நம்மைவிட நன்றாகவே கவனிக்கிறார்கள்.

நியாயமாகச் சொன்னால் இந்த உடம்பு மாற்றத்தால் நிறைய நன்மை. ஏணிச் சட்டம் போனதால் தரை தாழ்ந்தது. முழங்கால் வலிக்கிற அம்மாச்சிகள் கிரிஸ்டாவில் ஏறுவதற்கு ஒரு கை கதவிலும் ஒரு கை பேரன் தோளிலும் வைக்க வேண்டியிருந்தது. ஹைகிராஸில் கொஞ்சம் சுலபம். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு இல்லாததால் உள்ளே தளம் சமமாக இருக்கிறது. இரு சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் 2,750 மில்லிமீட்டரிலிருந்து 2,850 ஆகியிருக்கிறது. அந்த நூறு மில்லிமீட்டர், மூன்றாவது வரிசையில் உட்காரும் மச்சானின் முழங்காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. குலுங்கலும் குறைவு. இதையெல்லாம் பழமைப் பாசத்தில் மறைத்தால் அது விமர்சனம் ஆகாது.

*

இனி இதயம். கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசல் 150 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முறுக்குவிசை என்பது வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்தும் தோள்வலு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முழு வலுவும் நிமிடத்துக்கு 1,500 சுழற்சியைத் தொடும் முன்பே கிடைத்துவிடும். எட்டுப் பேரும் மேலே பெட்டிகளும் இருந்தாலும் மூன்றாவது கியரில் மேட்டை ஏறிவிடும்.

கிரிஸ்டாவுக்கு ஒரு பெட்ரோல் உடன்பிறப்பும் உண்டு, பலருக்கும் மறந்துபோன கதை. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்தில் 2,000 சிசிக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளைப் பதிவுசெய்யத் தடை போட்டது. காற்று மாசுதான் காரணம். இன்னோவா அதில் நேராக மாட்டிக்கொண்டது. எட்டு மாதம் கழித்து, ஒரு சதவீத வரியோடு தடை விலகியது. அந்தச் சமயத்தில் டொயோட்டா 2.7 லிட்டர் பெட்ரோல் கிரிஸ்டாவைக் கொண்டுவந்தது. 166 குதிரைத்திறன். மைலேஜ் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரை ஒட்டி. டாக்சிக்காரர்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆனால் ஹைகிராஸின் விதை அந்தத் தடையில்தான் விழுந்தது என்று நான் படிக்கிறேன். பெரிய டீசல் இன்ஜினை நம்பி ஒரு தொழிலை நடத்தும் கம்பெனிக்கு, ஒரே ஓர் உத்தரவில் கடை மூடப்படலாம் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

ஹைகிராஸ் ஹைபிரிட்டில் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். டர்போ கிடையாது. உள்ளே அது ‘அட்கின்சன்’ முறையில் ஓடுகிறது. எளிமையாகச் சொன்னால், காற்று உள்ளே வரும் வால்வைக் கொஞ்சம் தாமதமாக மூடுவார்கள். அழுத்தும் தூரம் குறைந்து, எரிந்தபின் விரியும் தூரம் அதிகமாகிறது. அதனால் எரிகிற பெட்ரோலிலிருந்து அதிக வேலையைப் பிழிந்தெடுக்கலாம். பதிலுக்கு, தொடக்க வேகத்தில் இன்ஜின் சோணங்கி ஆகிவிடும். அதன் முறுக்குவிசை 188 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் நாலாயிரம் சுழற்சியைத் தாண்டினால்தான். அந்தக் குறையை நிரப்பத்தான் 206 நியூட்டன் மீட்டர் மின்மோட்டார். மோட்டாருக்கு முறுக்குவிசை முதல் நொடியிலேயே கிடைக்கும். இரண்டையும் நடுவில் ஒரு கோள்சக்கரப் பல்லமைப்பு கோத்துவைக்கிறது. கியர் என்று மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. 1997-இல் ப்ரியஸ் காரில் டொயோட்டா கொண்டுவந்த அதே யோசனை, பல வருடம் தேய்த்து மெருகேற்றியது.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குக் காலை ஒன்பது மணிக்குப் போகிறீர்கள். இருபது அடி நகர்ந்து, நின்று, முப்பது அடி நகர்ந்து, மறுபடி நின்று. டீசல் வண்டி நின்றுகொண்டே உறுமும், நகரும்போது புகையும். ஹைபிரிட் இங்கே கப்சிப். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து பேட்டரியில் போட்டுக்கொள்கிறது, அடுத்த இருபது அடிக்கு அதையே செலவழிக்கிறது. ஊரில் குறைந்த மைலேஜ், நெடுஞ்சாலையில் அதிகம் என்று நாம் இத்தனை நாள் படித்த பாடம் தலைகீழாகிவிட்டது. நெருக்கடிதான் இதற்குத் தீனி. டொயோட்டா சொல்லும் எண் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். சாலையில் அது குறையும், எல்லா வண்டிக்கும் குறைகிற மாதிரி. குறைந்தபின்னும் இந்த அளவுள்ள வண்டிக்கு அது பெரிய சாதனைதான். நகரத்துக் காற்றைக் கேட்டால் அது ஹைகிராஸுக்குத்தான் ஓட்டுப் போடும்.

*

மலைக்குப் போனால் கதை வேறு. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வண்டியிலும் அந்தப் பாதையில் போயிருக்கிறேன். ஹைகிராஸில் ஏறும்போது காலை அழுத்தினால் இன்ஜின் சத்தம் சட்டென்று உச்சத்துக்குப் போய் அங்கேயே ஊளையிட்டுக்கொண்டு நிற்கிறது. வண்டி அதன்பாட்டுக்கு நிதானமாக ஏறுகிறது. சத்தத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. திரையரங்கில் ஒலி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் ஓடுகிற மாதிரி.

அன்றைக்கு ஓட்டிய அண்ணன் பொள்ளாச்சிக்காரர். குவாலிஸ் காலத்திலிருந்து இதே குடும்பத்து வண்டிகளை ஓட்டுகிறவர். “எப்படிங்கண்ணா இருக்குது வண்டி?” என்று கேட்டேன்.

“வண்டிக்கென்னங்க தம்பி, ராசா மாதிரி போகுது. ஆனா அது என்ன நெனைக்குதுன்னுதான் நமக்குத் தெரிய மாட்டேங்குது.”

நான் படித்த எந்த விமர்சனத்திலும் இதைவிடக் கூர்மையான வரி இல்லை. கிரிஸ்டாவில் இன்ஜின் சத்தம் ஓட்டுநருக்கு ஒரு செய்தி. எப்போது கியரைக் குறைக்கணும், எப்போது கிளட்சை விடணும், பின்னால் எவ்வளவு பாரம் இருக்கிறது எல்லாம் அந்தச் சத்தத்திலும் குச்சியின் அதிர்விலும் எழுதியிருக்கும். முப்பது வருடம் காதாலும் காலாலும் படித்த மொழி. ஹைகிராஸ் அந்த மொழியைப் பேசுவதில்லை. எப்போது இன்ஜின், எப்போது மோட்டார், எப்போது இரண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவுசெய்கிறது. ஓட்டுநருக்குத் திரையில் அம்புக்குறிகள் காட்டப்படுகின்றன.

இறக்கத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடப் பௌதிகம் போதும். ஆட்களோடு சேர்த்து வண்டி இரண்டு டன் என்று வைப்போம். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் கிடைக்கக்கூடிய சக்தி சுமார் 5.4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஹைகிராஸின் நிக்கல் பேட்டரியின் கொள்ளளவு இரண்டு யூனிட்கூட இல்லை. அதிலும் ஆயுள் கருதி ஒரு பகுதியைத்தான் பயன்படுத்துவார்கள். ஆக மலையின் பாதியை இறங்கும் முன்பே பேட்டரி நிறைந்துவிடும். மிச்சமெல்லாம் வெப்பமாகப் போய்விடும், பழைய வண்டியில் போன மாதிரியே. கிளட்சும் கியரும் இன்ஜின் இழுப்பும் கொண்டு கிரிஸ்டா இறங்குகிறது, ஹைகிராஸ் தன் வழியில் இறங்குகிறது. இரண்டும் பத்திரமாக இறங்கும். ஆனால் இறக்கத்துச் சக்தியையெல்லாம் ஹைபிரிட் சேமித்துவிடும் என்று பின்சீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சின்ன உண்டியல். நகரத்துச் சில்லறைக்குப் போதும், மலையின் மொத்தப் பணத்தையும் போட முடியாது.

*

‘தானே சார்ஜ் ஆகும் மின்வாகனம்’ என்கிற மாதிரியான விளம்பர மொழி இந்த இடத்தில் உள்ளே வருகிறது. டொயோட்டாவின் ஹைபிரிட் விளம்பரங்களில் ‘செல்ஃப் சார்ஜிங்’ என்பது நிரந்தர அடைமொழி. சொற்களோடு புழங்குகிற நாம் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும். ஹைகிராஸுக்குப் பிளக் கிடையாது. அதன் பேட்டரியில் வந்து சேரும் ஒவ்வொரு யூனிட்டும், சுற்றி வளைத்துப் பார்த்தால், பங்க்கில் போட்ட பெட்ரோலிலிருந்து வந்ததுதான். பிரேக்கில் பிடித்த சக்தியும் முதலில் பெட்ரோல் எரித்து உண்டாக்கிய வேகத்தின் மிச்சம். ‘தானே’ என்ற சொல் அந்தப் பெட்ரோலை அழகாக ஒளித்துவைக்கிறது. நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2020-இல், டொயோட்டாவின் லெக்சஸ் விளம்பரங்களில் வந்த இதே சொல்லாடலைத் தவறாக வழிநடத்துவது என்று சொல்லித் தடுத்தது. பெட்ரோலை மிகச் சிக்கனமாகக் குடிக்கும் பெட்ரோல் வண்டி என்பதே உண்மையான வர்ணனை. அதுவே பாராட்டத்தக்கதுதானே? அதை ஏன் மின்வாகனம் என்று சொல்லணும்?

சரி, எண்களுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. கம்பெனிக் கணக்குகளையே எடுத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டருக்கு ஹைகிராஸ் 4.3 லிட்டர், ஏறக்குறைய 10 கிலோ. டீசல் கிரிஸ்டா லிட்டருக்கு 15 என்று வைத்தால் 6.7 லிட்டர், 18 கிலோ. பழைய பெட்ரோல் கிரிஸ்டா 10 லிட்டர், 23 கிலோ. பெட்ரோலுக்குப் பெட்ரோல் வைத்துப் பார்த்தால் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பொறியியலாக இது பிரமாதம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு எண் காணாமல் போயிருக்கிறது. வண்டிக்குள் எத்தனை பேர்?

பழைய டீசல் கிரிஸ்டாவில் ஓட்டுநர் போக ஏழு பேர் திருச்செந்தூர் போகிறார்கள். தலைக்கு 2.6 கிலோ. ஹைகிராஸில் ஒரே ஒரு முதலாளி, இரண்டாவது வரிசையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அதே நூறு கிலோமீட்டர் போகிறார். தலைக்குப் பத்து கிலோ. சுத்தமான வண்டியில் போகிறவர், அழுக்கு வண்டியில் போகிறவரைப்போல நாலு மடங்கு காற்றைக் கெடுக்கிறார்.

இது வேண்டுமென்றே பிடித்த கோணல் ஒப்பீடு இல்லை. ஹைகிராஸின் வடிவமைப்பே இந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது. அதன் உச்ச மாடலில் நடு வரிசையில் இரண்டு தனி நாற்காலிகள். பட்டனைத் தட்டினால் கால் தாங்கி மேலே எழும். மேலே அகலமான கண்ணாடிக் கூரை, இன்னோவா பெயரில் முதல்முறை. விளம்பரப் படங்களில் நீங்கள் பார்ப்பது அந்த நாற்காலியைத்தான். நடு வரிசைத் தனி இருக்கைகள் முன்பே இன்னோவாவில் உண்டு, ஆகவே முதலாளியாகும் ஆசை இந்த வண்டிக்குப் புதிதில்லை. ஆனால் கிரிஸ்டா வரைக்கும் அந்த ஆசை வண்டியின் ஒரு பக்கம் மட்டுமே. இன்னொரு பக்கம் எட்டுப் பேரும் டிஃபன் பாக்ஸும் தலையணையும். ஹைகிராஸில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

*

இந்த மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். மஞ்சள் போர்டு வைத்து ஒற்றை வண்டி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரே ஓட்டுநர், அவரே முதலாளி, தவணை கட்டுகிறவரும் அவரே.

ஹைகிராஸ் வந்தபோது ஹைபிரிட் மாடல்கள் 24 லட்சத்தைச் சுற்றித் தொடங்கின. நிறுத்திவைத்திருந்த கிரிஸ்டாவை 2023-இல் டொயோட்டா திரும்பக் கொண்டுவந்தது. டீசல் மட்டும், கையால் மாற்றும் ஐந்து கியர் மட்டும். தொடக்க விலை 20 லட்சத்துக்குள். வித்தியாசம் நாலு லட்சம் என்றே வைப்போம். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால், கம்பெனி மைலேஜ்படி ஹைகிராஸுக்குக் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 30 காசு. கிரிஸ்டாவுக்கு 6 ரூபாய் 13 காசு. மிச்சம் ஒரு ரூபாய் 83 காசு. நாலு லட்சத்தை இந்த மிச்சத்தில் எடுக்க ஏறக்குறைய 2 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டணும், கூடுதல் கடனுக்கு வட்டி சேர்க்காமலே. ஹைபிரிட் பேட்டரிக்கு கம்பெனி உத்தரவாதம் எட்டு வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. அதாவது லாபம் கைக்கு வரும் முன்பே உத்தரவாதம் முடிந்துவிடுகிறது. பேட்டரி அதைத் தாண்டியும் உழைக்கலாம். ஆனால் அந்த ‘கலாம்’ மேல் தவணை கட்ட முடியுமா?

பழுது பார்ப்பதிலும் இதே இழுபறி. ஹைகிராஸில் கெட்டுப்போகக் கூடிய சாமான் நிஜமாகவே குறைவு. கிளட்ச் பிளேட் இல்லை, டர்போ இல்லை, தனி ஸ்டார்ட்டரும் டைனமோவும் இல்லை. பிரேக் பட்டைகூடச் சீக்கிரம் தேயாது. ஆனால் கெட்டுப்போனால்? ஆரஞ்சு நிற வயர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. விராலிமலைப் பக்கம் ராத்திரி பதினோரு மணிக்கு எழுப்பினால் எழுந்துவரும் மெக்கானிக் அதில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. கிரிஸ்டாவைச் சுற்றி ஊருக்கு ஊர் ஒரு அறிவு வளர்ந்திருந்தது. சாமான் எங்கே கிடைக்கும், எந்தச் சத்தத்துக்கு எந்த வியாதி என்று வாய்வழியாகப் பரவிய அறிவு. ஹைகிராஸ் அந்த அறிவைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. இது டொயோட்டாவின் சதி இல்லை, தொழில்நுட்பத்தின் தன்மை. தன்மை என்பதால் விளைவு மாறிவிடாது.

அரசாங்கம் இதில் என்ன நினைக்கிறது? ஜிஎஸ்டி வந்ததிலிருந்து பெரிய ஹைபிரிட்டுக்கு 28 சதவீதமும் மேலே 15 சதவீத செஸ்ஸும், மொத்தம் 43. பெரிய டீசல், பெட்ரோல் வண்டிகளுக்கு 50 சதவீதம் வரை. மின்கார்களுக்கு 5. ஹைபிரிட்டுக்குச் சின்னதாகவாவது ஒரு சலுகை இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய ஜிஎஸ்டி விகிதத்தில் பெரிய வண்டிகள் எல்லாமே 40 சதவீதம், ஹைபிரிட்டும் டீசலும் ஒரே தட்டில். மத்திய வரியின் கண்ணில் இப்போது கிரிஸ்டாவுக்கும் ஹைகிராஸுக்கும் வித்தியாசமே இல்லை. சிக்கனமான வண்டியின் கூடுதல் விலையை யார் சுமப்பது என்ற கேள்விக்கு, வாங்குகிறவரே சுமக்கட்டும் என்பதுதான் இதன் பொருள். வாங்குகிறவர் முதலாளி என்றால் பரவாயில்லை. மஞ்சள் போர்டுக்காரர் என்றால்?

*

இவ்வளவும் சொன்னபிறகு, எதை வாங்குறதுன்னு நேரா சொல்லுங்க என்று கேட்பீர்கள். சொந்த வண்டி, பெரும்பாலும் நகரத்துக்குள், பத்து வருடம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் ஹைகிராஸ். யோசிக்கவே வேண்டாம். வாரம் இரண்டு தடவை பாரத்தோடு மலையேறுகிறவர், தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கிறவர் என்றால் கிரிஸ்டா இருக்கும் வரை கிரிஸ்டா. ஷோரூமுக்கு இந்தப் பதில் போதும்.

விமர்சகனாக என் தீர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஹைகிராஸிலேயே, விளம்பரத்தில் அதிகம் தலைகாட்டாத ஒரு வடிவம் உண்டு. விஎக்ஸ் என்ற நடுத்தர மாடல், அதே ஹைபிரிட் இன்ஜின், நடுவில் மூன்று பேர் உட்காரும் நீண்ட பெஞ்சு, மொத்தம் எட்டு இருக்கை. கால் தாங்கி இல்லை, கண்ணாடிக் கூரை இல்லை. ஓட்டுநர் போக ஏழு பேர் ஏறினால் நூறு கிலோமீட்டருக்குத் தலைக்கு ஒன்றரை கிலோகூட ஆகாது. புதிய இதயமும் பழைய வேலையும் சேர்ந்திருப்பது அந்த வண்டியில்தான். இந்தத் திருத்திய பதிப்பின் மிகச் சிறந்த அத்தியாயம் அது. அதை அட்டைப்படத்தில் போட டொயோட்டாவுக்கு மனமில்லை, ஏனென்றால் ஆசையை விற்பது சுலபம், பெஞ்சை விற்பது கஷ்டம்.

கிரிஸ்டாவை நினைத்து நான் ஏங்கவில்லை. அந்தப் புகையை மூச்சில் வாங்கியவர்கள் போக்குவரத்து போலீஸ்காரர்கள், பூக்காரம்மாக்கள், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகள். அவர்கள் யாரும் இன்னோவாவில் ஏறியதில்லை. டீசல் போகட்டும். ஆனால் அது போகும்போது அந்த வண்டியில் ஏறிய ஏழு பேரும், அதைக் காதால் படித்து ஓட்டியவரும், நடுராத்திரி எழுந்துவந்தவரும் சேர்ந்து இறக்கிவிடப்பட வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. எட்டு இருக்கை ஹைபிரிட்டுக்கு மஞ்சள் போர்டில் வரிச்சலுகை கொடுக்கலாம். ஆரஞ்சு வயரில் பத்திரமாகக் கை வைக்க ஐடிஐகளில் சொல்லிக்கொடுக்கலாம். பேட்டரியின் உத்தரவாதத்தை வாடகை வண்டி ஓடும் தூரத்துக்கு நீட்டலாம். மூன்றுமே பொறியாளர் தீர்க்க வேண்டிய கணக்குகள் அல்ல. அவருடைய வேலையை அவர் ஏற்கெனவே நன்றாகச் செய்து முடித்துவிட்டார்.